ஃப்ரீபிஎஸ்டியில் வால்கிரைண்ட் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாக

பாம்பன் தெற்குவாடியில், கரையை ஒட்டிய ஓர் அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பும் படகுகளின் ஜிபிஎஸ் கருவியைக் கேபிளில் மாட்டினால், அது சேமித்து வைத்த வரிகளைப் படித்து, படகு போன தடத்தை வரைந்து காட்டும். அந்த நிரலை எழுதியது நான், பாதி சி, பாதி சி++. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது, திடீரென்று அணைந்தாலும் ஃபைல்கள் சிதையக் கூடாது என்பதற்காக இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வேண்டும் என்று, அதோடு வரும் ஃப்ரீபிஎஸ்டி ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அதில் போட்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. ஆனால் நிரலில் மெமரி பிழை வந்து, அதைத் தேடிப் பிடிக்கும் கருவியான வால்கிரைண்டை எடுத்தபோதுதான் சிரமம் தெரிந்தது, ஏனென்றால் தேடினால் கிடைக்கிற பதில் எல்லாமே லினக்ஸுக்கு எழுதியது, பாதி இங்கே பொருந்தாது. அதனால் நான் பார்த்த அறிகுறிகளையும் அவற்றுக்குப் பின்னால் இருந்த காரணங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆப்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கெட்டது கருவியா, உங்கள் நிரலா என்று பிரித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஆப்ஷன்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது நேர விரயம். வேண்டுமென்றே தப்பாக ஒரு குட்டி நிரல் எழுதுங்கள். தனி ஃபங்ஷன் ஒன்றில் மேலாக்கிடம் (நிரலுக்கு மெமரி ஒதுக்கித் தருவது அது) 10 பைட் கேளுங்கள், 10ஆம் எண் இடத்தில் ஓர் எழுத்தை எழுதுங்கள் (எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் அது பதினோராவது பைட்), ஃப்ரீ செய்யாமலே, அதாவது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமலே, முடித்துவிடுங்கள். டீபக் தகவலோடு, ஆப்டிமைசேஷன் இல்லாமல், அதாவது ஓ0வில் கம்பைல் செய்யுங்கள். ஓ2 போட்டால் கம்பைலரான கிளாங் அந்த மேலாக்கையே தேவையில்லை என்று தூக்கிவிடக்கூடும், பிறகு கருவி பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. லீக் செக் ஆப்ஷனை ஃபுல் என்று வைத்து ஓட்டினால் இரண்டு விஷயம் வர வேண்டும்: 'இன்வேலிட் ரைட் ஆஃப் சைஸ் 1', அதோடு 10 பைட் 'டெஃபினிட்லி லாஸ்ட்'. இரண்டும் வரியெண்ணோடு வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, உங்கள் நிரலைப் பாருங்கள். வராவிட்டால் நிரலைத் தொடாதீர்கள், கருவியைப் பாருங்கள்.

ஓட்டியவுடனேயே செத்துப்போகிறது, குட்டி நிரல்கூட ஓடவில்லை

பெரும்பாலும் இது பதிப்பு ஒத்துப்போகாத சிக்கல். ஃப்ரீபிஎஸ்டியை 13இலிருந்து 14க்கு ஏற்றியிருப்பீர்கள், பேக்கேஜ்கள் மட்டும் பழையதாகவே இருக்கும். மற்ற நிரல்கள் பழைய பைனரியோடு சமாளித்துக்கொள்ளும், வால்கிரைண்டால் முடியாது. அது சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கும் உங்கள் நிரலுக்கும் நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு சிஸ்டம் காலையும் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) தானே பார்த்து அனுப்புகிறது, அதனால் கெர்னலின் உள்விவரம் அதற்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் கட்டளையில் கே, ஆர், யூ மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். கே என்பது வட்டில் இருக்கும் கெர்னல், ஆர் இப்போது ஓடுகிற கெர்னல், யூ மற்ற சிஸ்டம். மூன்றிலும் பதிப்பு எண் ஒன்றாக இல்லையென்றால் (கடைசியில் வரும் 'பி' எண் மட்டும் வேறுபடலாம்) அப்டேட்டை முழுதாக முடித்து ரீபூட் செய்யுங்கள், அப்புறம் பிகேஜி அப்கிரேடை ஃபோர்ஸ் செய்து எல்லாப் பேக்கேஜையும் மறுபடி இறக்குங்கள்.

வால்கிரைண்டின் பதிப்பும் முக்கியம். ஃப்ரீபிஎஸ்டி ஆதரவு அதன் மூல நிரலுக்குள்ளேயே வந்தது 2021இல், 3.18இல்தான், அதுவும் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களுக்கு. அதற்கு முன்பு தனி ஒட்டுகளாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்ம் 64 பிட் பலகைகளுக்கு 2024இல், 3.23இல் வந்தது. ராஸ்பெர்ரி பை மாதிரி பலகையில் ஃப்ரீபிஎஸ்டி போட்டிருப்பவர்கள் அதற்குக் கீழே உள்ள எந்தப் பதிப்பையும் முயற்சி செய்ய வேண்டாம்.

லினக்ஸ் பைனரியை ஃப்ரீபிஎஸ்டியின் லினக்ஸ் ஆதரவில் ஓட்டுகிறீர்களா? அதை இந்த வால்கிரைண்டில் பார்க்க முடியாது. இங்கேயே கம்பைல் செய்யுங்கள்.

'0 அலாக்ஸ், 0 ஃப்ரீஸ்' என்கிறது

நிரலில் நூறு மேலாக் இருக்கிறது, கருவியோ ஒன்றுமே பார்க்கவில்லை என்கிறது. நிரல் முழு ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரிகள் எல்லாம் பைனரிக்குள்ளேயே சேர்ந்து, லிங்க் ஆகியிருக்கலாம். மேலாக்கையும் ஃப்ரீயையும் பிடிப்பதற்கு வால்கிரைண்ட் தன் சொந்த லைப்ரரி ஒன்றை முன்கூட்டியே ஏற்றச் சொல்கிறது, ஏற்றுகிற வேலையைச் செய்வது டைனமிக் லிங்கர். ஸ்டாட்டிக் பைனரியில் டைனமிக் லிங்கருக்கு வேலையே இல்லை, ஆகவே அந்த லைப்ரரி உள்ளே வராது. பைனரி மேல் 'ஃபைல்' கட்டளை போட்டால் எந்த வகை என்று அதுவே சொல்லிவிடும். ஸ்டாட்டிக் கொடியை எடுத்துவிட்டு மறுபடி லிங்க் செய்யுங்கள், போதும்.

அப்புறம் இன்னொன்று, இதில் நிறையப் பேர் விழுகிறார்கள். நீங்கள் வால்கிரைண்டிடம் கொடுத்தது நிரலையா, நிரலைக் கிளப்புகிற ஷெல் ஸ்கிரிப்டையா? ஸ்கிரிப்டைக் கொடுத்தால் அது சோதிப்பது ஷெல்லை. 'ட்ரேஸ் சில்ட்ரன்' ஆப்ஷனை எஸ் என்று வைத்தால்தான் ஸ்கிரிப்ட் கிளப்பும் நிரலுக்குள்ளும் போகும்.

வரியெண்ணுக்குப் பதிலாக மூன்று கேள்விக்குறி

உங்கள் நிரலின் பகுதியிலேயே ??? வந்தால் டீபக் தகவல் இல்லை, அல்லது இருந்தும் கருவிக்குப் படிக்கத் தெரியவில்லை. கம்பைலர் டீபக் தகவலை ட்வார்ஃப் 5 வடிவத்தில் எழுதியிருக்கலாம், வால்கிரைண்ட் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டது 3.17இல். அதைவிடப் பழைய கருவியை மாற்ற வழியில்லை என்றால் கம்பைலரிடம் ட்வார்ஃப் 4 கேளுங்கள். ஆனால் ஏன் மாற்ற வழியில்லை என்று ஒருமுறை யோசியுங்கள், கருவியை ஏற்றுவதுதான் நேரான வழி.

லிப்சியின் (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) பகுதியில் மட்டும் பெயர் தெளிவில்லாமல் இருந்தால், சிஸ்டத்தை நிறுவும்போது பேஸ்-டிபிஜி தொகுப்பை விட்டிருப்பீர்கள். யூஎஸ்ஆர், லிப், டீபக் என்று போகும் அடைவுக்குள் லிப்சியின் டீபக் ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். நிரல் முடிவதற்கு முன்பே மூடிவிட்ட ப்ளகின் லைப்ரரி என்றால் 'கீப் டீபக்இன்ஃபோ'வை எஸ் என்று வையுங்கள்.

'அன்ஹேண்டில்ட் சிஸ்கால்' என்று ஓர் எண்

கெர்னலில் புதிதாக வந்த ஒரு சிஸ்டம் காலுக்கு வால்கிரைண்டில் இன்னும் ஆள் இல்லை என்று அர்த்தம். எண்ணை எடுத்துக்கொண்டு சிஸ் அடைவிலுள்ள சிஸ்கால் ஹெடர் ஃபைலில் தேடினால் பெயர் கிடைக்கும். யார் அதைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய, வால்கிரைண்ட் இல்லாமல், சிஸ்டம் கால்களை வரிசையாகக் காட்டும் ட்ரஸ்ஸில் ஒருமுறை ஓட்டுங்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனம். அந்த எச்சரிக்கையைப் போட்டுவிட்டு வால்கிரைண்ட் உங்கள் நிரலுக்கு 'அப்படி ஒரு சிஸ்டம் கால் இல்லை' என்ற பதிலைக் கொடுத்துவிட்டு மேலே போகிறது. நிரல் அதை நம்பி, சாதாரணமாகப் போகாத வழியில் போகும். ஆகவே அந்த வரிக்குப் பின்னால் வருகிற பிழைகளை அப்படியே நம்பக் கூடாது. பிகேஜி இயல்பாகக் காலாண்டுக் கிளையிலிருந்து எடுக்கும், லேட்டஸ்ட் கிளைக்கு மாறினால் புதிய வால்கிரைண்ட் கிடைக்க வாய்ப்பு உண்டு.

'அன்ரெகக்னைஸ்ட் இன்ஸ்ட்ரக்ஷன்', சிக்னல் 4இல் முடிகிறது

இதில் இரண்டு கதை உண்டு, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், காரணம் நேரெதிர்.

முதலாவது, 'வெக்ஸ்' என்று தொடங்கும் வரி ஒன்று வந்து, அதில் பைட்டுகள் 62 என்று ஆரம்பிக்கும் (ஹெக்ஸில்). அது ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளின் முன்னொட்டு. உங்கள் பிராசசரில் இருப்பதையெல்லாம் பயன்படுத்து என்று கம்பைலரிடம் 'மார்ச் நேட்டிவ்' கொடுத்திருப்பீர்கள், அது ஏவிஎக்ஸ்-512ஐப் போட்டுவிட்டது, வால்கிரைண்டுக்கு அது தெரியாது. அந்தக் கொடியை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். இது கருவியின் குறை.

இரண்டாவதில் வெக்ஸ் வரி இருக்காது, 'அன்ரெகக்னைஸ்ட் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று முகவரி மட்டும் வரும். அந்த முகவரியை டீபக்கரான எல்எல்டிபியில் டிஸ்அசெம்பிள் செய்து பாருங்கள் (அது சிஸ்டத்தோடேயே வருகிறது). அங்கே 'யூடி2' என்று இருந்தால், அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தப்புக் கட்டளை. கம்பைலர் வைத்தது. சி++இல் மதிப்பைத் திருப்ப வேண்டிய ஃபங்ஷன் ஒன்று எதையும் திருப்பாமல் கடைசி வரியைத் தாண்டினால், கிளாங் ஓ0வில் அந்த இடத்தில் யூடி2 வைக்கிறது. ஓ2வில் அதுவும் கிடையாது, நிரல் அந்த ஃபங்ஷனின் கடைசியைத் தாண்டிப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதற்குள் விழும். என் நிரலில் திசையை எழுத்தாக மாற்றும் ஃபங்ஷன் அப்படித்தான் இருந்தது: வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு நான்குக்கும் ரிட்டர்ன் போட்டேன், ஜிபிஎஸ் கருவிக்கு இன்னும் செயற்கைக்கோள் பிடிபடாதபோது திசை காலியாக வரும் என்பதை மறந்துவிட்டேன். ஓ2வில் ஓடிக்கொண்டிருந்த நிரலை வால்கிரைண்டுக்காக ஓ0வில் கட்டியதும் சாக ஆரம்பித்தது, நான் ஒரு முழு நாள் வால்கிரைண்டைக் குற்றம் சொன்னேன். அதே ஓ0 பைனரியை வால்கிரைண்ட் இல்லாமல் ஓட்டியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும், அங்கேயும் அது 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்றுதான் சாகும். கம்பைலர் தரும் எச்சரிக்கைகளை ஒழுங்காகப் படித்திருந்தால் அந்த ஃபங்ஷனைப் பற்றி முன்பே தெரிந்திருக்கும்.

பாதியில் காணாமல் போகிறது, அல்லது முடியவே இல்லை

பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் ஆளே காணவில்லை என்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பாருங்கள். 'ஃபெயில்ட் டு ரீக்ளெய்ம் மெமரி' என்று கெர்னல் கொன்றிருக்கும். அதில் உங்கள் நிரலின் பெயரைத் தேடாதீர்கள், வால்கிரைண்டின் பெயரையும் தேடாதீர்கள், மெம்செக் (வால்கிரைண்டில் மெமரியைச் சோதிக்கும் பகுதி), ஏஎம்டி64 இரண்டையும் கோடு போட்டுச் சேர்த்துத் தொடங்கும் பெயரில்தான் அது ஓடுகிறது. டாப்பிலும் அப்படித்தான் தெரியும். 4 ஜிபி மெமரி இருக்கிற பழைய மெஷினில் இசட்எஃப்எஸ் தன் ஆர்க் கேஷுக்கு நிறைய எடுத்துக்கொள்ளும், அதற்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். 'ட்ராக் ஆரிஜின்ஸ்' ஆப்ஷனுக்கு மட்டும் குறைந்தது 100 எம்பி கூடுதலாக வேண்டும், மதிப்பில்லாத மாறி என்ற புகார் வந்த பிறகு அதைப் போட்டால் போதும்.

மெதுவாக ஓடுவது இயல்பு, இருபது முப்பது மடங்கு நேரம் ஆகும். ஆனால் முடியவே இல்லையென்றால் த்ரெட்டுகளைப் பாருங்கள். வால்கிரைண்ட் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டைத்தான் ஓடவிடும். ஒரு த்ரெட் 'இன்னொருவர் கொடி ஏற்றட்டும்' என்று வெற்று லூப்பில் சுற்றிக்கொண்டிருந்தால், கொடி ஏற்ற வேண்டியவருக்கு முறை வருவதே அபூர்வம். வெற்று லூப்பை எடுத்துவிட்டு கண்டிஷன் வேரியபிள் வையுங்கள், நிரலுக்கும் அது நல்லது.

நேரடி ஜிபிஎஸ் இணைப்போடு சோதிக்காதீர்கள். வருகிற வரிகளை ஒரு ஃபைலில் பிடித்து வைத்து அதையே திரும்பத் திரும்பக் கொடுங்கள், அப்போதுதான் நேற்று வந்த பிழை இன்றும் அதே இடத்தில் வரும்.

'ஸ்டில் ரீச்சபிள்' 4096 பைட்

பிரிண்ட்எஃப் தன் வெளியீட்டுக்கு வைத்துக்கொண்ட பஃபர் அது. லினக்ஸில் இருக்கும் கிளிப்சியில் அதையெல்லாம் கடைசியில் துடைத்துவிட ஒரு ஃபங்ஷன் உண்டு, வால்கிரைண்ட் அதைக் கூப்பிடும். ஃப்ரீபிஎஸ்டியின் லிப்சியில் அது கிடையாது. விட்டுவிடுங்கள்.

பிழை 0 என்கிறது, ஆனால் நிரல் தப்பாக நடக்கிறது

இதுதான் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மன்னார் வளைகுடாப் பக்கம் போய் வந்த ஒரு படகுக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் வலை விட்ட இடத்துக்குப் பக்கத்துல கோடு அறுந்து கிடக்கே, அந்த நேரத்துல நான் எங்கயும் நிக்கலையே" என்றார். "பார்க்கிறேன்ணே" என்று ஃபைலைத் திறந்தேன். நிமிடத்துக்கு ஒரு புள்ளி சேமிக்கிற நிரல் அது. 300 புள்ளி வந்ததும் எண்ணிக்கை திடீரென்று 256க்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறியிருக்கிறது. 44 நிமிடத் தடம் அழிந்துபோயிற்று. எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) வலை சிக்கியது, எங்கே மீன் பட்டது என்று அவர் பார்ப்பது அந்தத் தடத்தை வைத்துத்தான், ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

வால்கிரைண்டில் ஓட்டினேன், பிழை 0. குட்டி நிரலை ஓட்டினேன், சரியாகப் பிடித்தது. ஆக கருவி நன்றாக இருக்கிறது, ஆனாலும் அதற்குத் தெரியவில்லை.

300ஐயும் 256ஐயும் ஹெக்ஸில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. 300 என்பது 01 2சி, 256 என்பது 01 00. கீழ் பைட் மட்டும் பூஜ்யம் ஆகியிருக்கிறது. யாரோ ஒரே ஒரு பைட் பூஜ்யத்தை அங்கே எழுதியிருக்கிறார்கள். பூஜ்யம் எழுதுவது யார்? சி மொழியில் சரத்தின் முடிவுக் குறி.

ஜிபிஎஸ் கருவிகள் பேசும் என்எம்இஏ 0183 வடிவத்தில் ஒரு வரி, தொடக்கத்து டாலர் குறியும் கடைசி இரண்டு வரிமுறிவு எழுத்துகளும் உள்பட, அதிகபட்சம் 82 எழுத்து. நான் ஸ்ட்ரக்சரில் 82 எழுத்து இடம் வைத்தேன், அதற்கு அடுத்தே புள்ளி எண்ணிக்கைக்கு 16 பிட் எண். 82 எழுத்தும் நிரம்பிய வரி வந்தால் முடிவுக் குறிக்கு 83ஆவது இடம் வேண்டும். அந்த 83ஆவது இடம் எண்ணிக்கையின் கீழ் பைட். பெரும்பாலான வரிகள் 82க்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும், ஆகவே பல நாள் ஒன்றும் நடக்காது, அந்தக் கருவி எப்போதாவது ஒரு முழு நீள வரி அனுப்பும்போது தடம் அறும்.

மெம்செக் ஏன் பிடிக்கவில்லை என்றால், அது பாதுகாப்பது மேலாக்கில் வாங்கிய துண்டுகளின் வெளி எல்லையை மட்டும். ஸ்டாக்கில் உள்ள அரேக்கும் குளோபல் அரேக்கும் அது எல்லை பார்ப்பதில்லை. ஸ்ட்ரக்சருக்குள் ஓர் உறுப்பிலிருந்து பக்கத்து உறுப்புக்குள் வழிந்தால், ஸ்ட்ரக்சரையே மேலாக்கில் வாங்கியிருந்தாலும் தெரியாது, அது எல்லாம் உங்கள் சொந்த மெமரிதானே. கிளாங்கின் அட்ரஸ் சானிடைசர் ஸ்டாக்கையும் குளோபலையும் பிடித்துவிடும், ஆனால் ஒரே ஸ்ட்ரக்சருக்குள் வழிவதை அதுவும் விட்டுவிடும். சானிடைசர் போட்டுக் கட்டிய பைனரியை வால்கிரைண்டுக்குள் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், இரண்டும் ஒரே முகவரிப் பரப்புக்குச் சண்டை போட்டு, ஷேடோ மெமரி மோதுகிறது என்று நின்றுவிடும்.

நான் செய்தது இது. வரி பஃபரை ஸ்ட்ரக்சரிலிருந்து எடுத்து, சோதனைக்காக மட்டும் 82 பைட் தனி மேலாக்காக மாற்றி, அதே வரிகள் இருந்த ஃபைலைக் கொடுத்தேன். முதல் ஓட்டத்திலேயே வந்தது: 'இன்வேலிட் ரைட் ஆஃப் சைஸ் 1', கீழே 'சைஸ் 82 உள்ள துண்டுக்கு 0 பைட் பின்னால்'. வரியெண் முடிவுக் குறி எழுதுகிற வரிதான். கிளாங்கில் 'சானிடைஸ் பவுண்ட்ஸ்' என்று ஒரு கொடி உண்டு, அளவு தெரிந்த அரேக்கு வெளியே இன்டெக்ஸ் போனால் ஸ்ட்ரக்சருக்குள்ளேகூடச் சொல்லிவிடும். அதை அன்றைக்கே போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும், இப்போது எப்போதும் போட்டே சோதிக்கிறேன்.

இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய முடிந்தது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றபோது. பஃபரை 256 ஆக்கினேன், ஏனென்றால் எல்லாக் கருவியும் 82க்குள் நிற்கும் என்று நம்ப முடியாது. நீளம் மிஞ்சினால் அந்த வரியை எறிந்துவிட்டு லாகில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன். சோதனை ஃபைலின் தலையில் சரியாக 82 எழுத்து உள்ள வரி ஒன்று, 255 எழுத்து ஒன்று, 256 எழுத்து ஒன்று சேர்த்து வைத்திருக்கிறேன். நிரலில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் குட்டி நிரல், பிறகு இந்த ஃபைல், அதற்குப் பிறகுதான் தெற்குவாடி மெஷினில் ஏற்றுவது.